டெனிசன் வரைந்த அம்மா

ஒரகடத்துக் கார் கம்பெனி ஒன்றின் பெயின்ட் ஷாப்பில் டெனிசன் பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்ட். கதவுக்கும் பானெட்டுக்கும் கிளியர் கோட் எனும் பளபளப்பு மேல்பூச்சு அடிப்பவன். அவன் அடித்தால் ஒரு சொட்டு வழியாது. என்ன அடித்து என்ன, பெர்மனென்ட் ஆட்களின் சட்டை நிறம் வேறு, அவன் சட்டை நிறம் வேறு.

ஞாயிறு பூசை முடிந்து படப்பை வாடகை வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்ச் சாயத்தில் படம் வரைய உட்கார்ந்துவிடுவான். இரண்டு வருஷமாக ஒரே படம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அம்மா சூசையம்மாள் சுவருக்கு வெள்ளையடிக்கிறாள். கன்னத்தில் சுண்ணாம்பு. ஏழு வயது டெனிசன் வாளியைப் பிடித்து நிற்கிறான். தூளியில் தங்கை ஜெர்சி. அடுத்த மாசமே மஞ்சள் காமாலை அம்மாவைக் கொண்டுபோயிற்று. இருந்த ஒரே கல்யாணப் போட்டோவையும் கறையான் தின்றது. ஜெர்சிக்குப் பெற்றவள் முகமே தெரியாது.

"மூக்கு வந்துச்சாணா? போட்டோ எட்த்து அனுப்பேன்" என்று வாலாஜாபாத்திலிருந்து வாராவாரம் போனில் கெஞ்சுவாள்.

"போன்லலாம் வேணாம். முடிச்சிட்டுக் கூப்புடறேன், நேர்ல வந்து பாரு" என்பான். அப்படி ஒரு வீம்பு. அவன் போட்டோவே எடுக்கவில்லை.

முகம் முடிந்த வாரம், ஓ.டி.க்குக் கூப்பிட வந்த சூப்பர்வைசர் சாம்சன் படத்தைப் பார்த்துவிட்டான்.

"இன்னாப்பா, சூப்பரா கீது! வெள்ளிக்கெயம ஃபேமிலி டே. பெரிய சார் வர்றாரு. ஹால்ல மாட்டுனா உன் பேரு அவரு காதுல வுயும். பெர்மனென்ட் லிஸ்ட் அவராண்டதான் கீது."

"இன்னும் காயல சார். ஆறு மாசம் ஆவும்னு கடைக்காரன் சொன்னான்."

"எட்த்துகினு வா. கிளியர் கோட் அட்ச்சு ஓவன்ல வுடு. காரே அரை மணில காயுது, படம் காயாதா?"

சாம்சனைக் குறை சொல்லி என்ன? டெனிசனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஈரமாக உள்ளே போனதெல்லாம் பளபளவென்று வெளியே வருவதைப் பதினோரு வருஷமாகப் பார்த்த கண். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. டீ பிரேக்கில் அவனே அடித்தான், அவனே ஓவனுக்குள் மாட்டினான்.

மேல்பூச்சு இறுகியது, அடியில் ஈரம் கொதித்தது. சுவரும் வாளியும் தப்பின. கடைசியாக வரைந்தது முகம், அதில்தான் ஈரம் அதிகம். நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் சுருங்கிப்போய் வெளியே வந்தாள் அம்மா.

"சரி வுடு, பேனர் கட்டிக்கலாம்" என்று சாம்சன் நடையைக் கட்டினான். டெனிசனுக்குத் தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

முகம் முடிந்ததுமே அவன் கூப்பிட்டிருந்தபடி அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெர்சி வந்தாள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, கோயிலில் நிற்பவளைப் போலப் படத்தின் முன்னால் நின்றாள்.

"ஏண்ணா, அம்மா அப்பவே இம்மாம் கெயவியா?"

"இருபத்தாறு வயசு ஜெர்சி" என்றான். நடந்ததைச் சொன்னான். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இன்னொருவாட்டி வரைணா" என்று மட்டும் சொல்லி அழுதாள்.

புதுத் துணி வாங்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி உட்கார்ந்தான். கண்ணை மூடினால் வந்துவிடுவாள் அம்மா, முப்பத்தைந்து வருஷமாக அப்படித்தான். மூடினான். ஓவனிலிருந்து எடுத்த கிழவிதான் வந்தாள். மறுபடி மூடினான், அவளேதான்.