சாமிக்கு ஓர் அறை

மழை வருமுன் உடுப்புகளைக் காயவைத்து எடுத்துவிட வேண்டும் என்று இராசமலர் அவசரப்பட்டுக்கொண்டிருந்தாள். நியூசிலாந்தின் இந்த மவுண்ட் வெல்லிங்டனில் வெயிலை நம்பி ஒரு துவாய்கூட உலர்த்த முடியாது. பின்வளவில் மகன் வசீகரன் முளைக்கட்டை அடித்து மஞ்சள் நூல் இழுத்துவிட்டிருந்தான். குடைபோல் விரிந்த உடுப்புக் கொடி காற்றில் சுழலும்போதெல்லாம் படுக்கை விரிப்பின் நுனி அந்த நூலில் போய் விழுந்தது. குனிந்து குனிந்து எடுத்தாள்.

அந்த நூலுக்குள்தான் கிரானி ஃப்ளாட் என்கிற சின்ன வீடு வரப்போகிறது. பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஆளுக்கொரு அறை கேட்கிறார்கள். ஆகவே அவளும் புருசன் சதாசிவமும் பின்வளவுக்குப் போக வேண்டும். அதில் அவளுக்குக் குறை இல்லை. அங்கே எத்தனை அறை என்பதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

சதாசிவம் இலங்கையில் ஊர் ஊராகத் தபாலதிபராக இருந்தவர். தொண்ணூற்று மூன்றில் மகன் கூப்பிட்டு இருவரும் ஓக்லாந்துக்கு வந்தார்கள். கோயிலில் கதிரை அடுக்குவது, வயதானவர்களைக் காரில் ஏற்றிவிடுவது எல்லாம் அவர்தான். "அண்ணை தங்கமான மனுசன்" என்பார்கள். பகலில் அது பொய்யும் இல்லை. அறைக் கதவைச் சாத்தினால் வேறு ஆள். கை நீட்டியது கிடையாது. குரலைக்கூட உயர்த்த மாட்டார். நிமிர்ந்து படுத்தபடி மெல்லக் கேட்பார். இன்றைக்கு ஆரோடு கதைத்தாய், ஏன் சிரித்தாய், அவன் ஏன் உன்னைத் திரும்பிப் பார்த்தான். சொல்லும் பதிலிலிருந்து அடுத்த கேள்வி முளைக்கும். கண் அயர்ந்தால் தோளைப் பிடித்து உலுக்குவார். கலியாணம் முடித்த காலம் தொட்டு இராசமலர் ஒழுங்காக நித்திரை கொண்டவள் இல்லை.

அவள் கண்டுபிடித்த ஒரே வழி விரதம். சதாசிவம் சாமிக்குப் பயந்தவர். விரத நாளில் மனைவி படுக்கிற பக்கம் வரமாட்டார். அவள் ஹோலில் பாயை விரித்துப் படுத்துவிடுவாள். வெள்ளி, செவ்வாய், சட்டி, ஏகாதசி, பிரதோசம் என்று கலண்டரில் இருப்பதையெல்லாம் பிடித்தாள்.

"மாமி, உங்களுக்கு விரதமில்லாத நாளைச் சொல்லுங்கோ, நான் அண்டைக்கு விருந்து வைக்கிறன்" என்று மருமகள் கிருசாந்தி பகிடி பண்ணுவாள். கோயில் பெண்கள் அவளுடைய பக்தியைப் புகழ்ந்தார்கள். முட்டைப் பொரியலை நினைத்து அவள் வயிறு பட்ட பாடு அவர்களுக்குத் தெரியாது.

பிறகு சலரோகம் வந்தது, இரத்தத்தில் சீனி கூடிவிட்டது. பட்டினியோடு கடைக்குப் போன ஒருநாள் மயங்கி விழுந்தாள். இனி ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் இருக்கக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குளிசைப் போத்தலைச் சதாசிவமே கையில் வாங்கிக்கொண்டார். "இனி நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். அன்றோடு விரதமும் போயிற்று, பாயும் போயிற்று.

உடுப்புக் கூடையோடு அவள் உள்ளே வந்தபோது பிளான் வரைகிற மாரிசாமி வந்திருந்தார். மலேசியாக்காரர். குசினி மேசையில் தாளை விரித்து வைத்திருந்தார். மகனும் மருமகளும் சதாசிவமும் சுற்றி நின்றார்கள். ஒரு படுக்கை அறை, ஒரு ஹோல், மூலையில் சமையல், குளியலறை.

இராசமலர் தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்தாள். பல நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னாள்.

"இன்னொரு அறை போடேலாதோ?"

"போடலாம் ஆன்ட்டி. ஹோல் கொஞ்சம் சின்னதாயிடும், அவ்வளவுதான்."

சதாசிவம் சிரித்தார். "இருக்கிறது ரெண்டு பேர். ரெண்டு அறை எதுக்கு? இனியும் பிள்ளை பெறப்போறீரோ?"

மாரிசாமி வாய்விட்டுச் சிரித்தார். கிருசாந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாமிக்கு" என்றாள் இராசமலர். "சாமிக்கு ஒரு அறை வேணும்."

"சாமிக்கு எதுக்கு ஆன்ட்டி முழு ரூம்? பெட்ரூம் சுவத்துல ஒரு அலமாரி அடிச்சுத் தர்றேன், கதவெல்லாம் வச்சு."

"ஐயோ, புருசன் பெண்சாதி படுக்கிற அறையில சாமி வைக்கிறதே?" என்றாள் கிருசாந்தி.

இராசமலர் மருமகளை நன்றியோடு பார்த்தாள்.

"அது சரிதான் பிள்ளை" என்றார் சதாசிவம். பென்சிலை வாங்கி, ஹோலின் கிழக்குச் சுவரில் ஒரு கட்டம் கீறினார். "இஞ்ச வைச்சால் சரி. உமக்கும் சமைச்சுக்கொண்டே கும்பிடலாம். ஆனா ஒண்டு, இனி ஹோலில ஒருத்தரும் கால் நீட்டிப் படுக்கேலாது. சாமி இருக்கிற இடம்."

"பெர்பெக்ட் அங்கிள்" என்று மாரிசாமி தாளைச் சுருட்டினார்.

அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த ஹோலாவது மிஞ்சியிருக்கும். இப்போது அங்கே சாமியையும் தானே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

மாரிசாமியை வழியனுப்பச் சதாசிவம் போனார், கிருசாந்தியும் பின்னால் போனாள். வசீகரன் உடுப்புத் தோய்க்கிற அறையில் சப்பாத்துச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தான். இராசமலர் வாசலில் போய் நின்றாள்.

"தம்பி, அந்த பிளானைக் கொஞ்சம் நிப்பாட்டு."

"ஏனம்மா? சாமிக்குத்தான் இடம் வைச்சாச்சே."

"சாமியை விடு. அறை எனக்கு. நான் தனியப் படுக்கவேணும்."

"அப்பான்ர குறட்டையே?" அவன் சிரித்தான். "பஞ்சு வாங்கித் தாறன், காதில அடையுங்கோ."

"நித்திரை கொண்டால்தானே ராசா குறட்டை. அந்த மனுசனும் படுக்காது, என்னையும் படுக்க விடாது. இஞ்ச நீங்கள் எல்லாரும் இருக்கிறியள் எண்டு ஒரு அளவோடயாவது கேள்வி கேக்கிறார். அங்கால போனால் நானும் அவரும்தான்."

அவன் சிரிப்பு நின்றது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பதுளையில தபால் குவாட்டர்சில இருக்கேக்க, சின்ன வயசில நீ பக்கத்து அறையிலதான் படுத்தனி. பலகைச் சுவர். ஒருநாள் விடிய எழும்பி வந்து, ஒண்டும் கேக்காமல் என்ர மடியில படுத்தனி. உனக்கு எல்லாம் கேட்டதுதானே, தம்பி?"

வசீகரன் பைப்பைப் பூட்டினான். சப்பாத்து இரண்டையும் சுவரோரம் நேராக வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு, அவளில் முட்டாமல் ஒதுங்கி, வெளியே போனான்.