பொருள்: ஞாயிற்றுக்கிழமைக் காப்பி

வால்புர்கா சீடெக் வியன்னாவின் ஒட்டாக்ரிங் பகுதியில் ஒரு சலவைத் தொழிலாளியின் மகள். அவள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அந்த நாற்காலி கிடந்ததோ ஒரு பிரபுவின் நடனக்கூடத்தில்.

லோவென்டால் பிரபுக்கள் இருநூறு வருஷத்துக்கு முன் கட்டிய, பரோக் பாணி மாளிகை அது. முடியாட்சி கவிழ்ந்ததும் வாரிசுகள் அரசாங்கத்துக்கு விற்றுவிட்டார்கள். போருக்குப் பிறகு இடம் போதாமல், கூடத்தின் நடுவே பலகைத் தடுப்பு அடித்து இரண்டு துறைகளைக் குடியமர்த்தினார்கள். கூரை ஓவியத்து விடியல் தேவதையின் தலை வால்புர்காவின் பக்கம். பாதங்கள் ஆலோசகர் அல்பீன் மெஸ்னரின் மேஜைக்கு மேலே.

பதினோரு வருஷமாக அவர் இருமல் அவளுக்குக் கேட்கும், அவள் தட்டச்சு அவருக்குக் கேட்கும். ஆனாலும் துறைக்குத் துறை எதுவானாலும் கோப்பில்தான் போகவேண்டும். ஒரு பென்சில் கேட்டால்கூட அந்தத் தாள் பதிவறைக்கு இறங்கி, எண் பெற்று, மூன்றாம் நாள்தான் ஆறடி தள்ளியிருக்கும் மேஜைக்குப் போய்ச் சேரும். படிக்கட்டில் பார்த்தால் அவர் தொப்பியைத் தூக்குவார், அவள் தலையசைப்பாள். அவள் போரில் கணவனை இழந்தவள். அவர் மணமே செய்யாதவர்.

1957 வசந்தத்தில் உத்தரவு வந்தது. தடுப்பை எடுத்துவிட்டு, கூடத்தை விருந்து மண்டபமாக்கப் போகிறார்கள்; மெஸ்னரின் துறை டான்யூப் நதிக்கு அப்பால் போகிறது. அந்த இருமலும் போய்விடும் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. தட்டச்சுப்பொறியில் ஒரு தாளைச் செருகினாள். விரல்கள் பழக்கப்படி ஓடின: "பொருள்: ஞாயிற்றுக்கிழமைக் காப்பி, என் வீட்டில். கசகசாக் கேக் உண்டு. தங்கள் கருத்தை அறிய விழைகிறேன்." அவர் பெயரிட்டு, போகிற கோப்புகளின் மேல் வைத்தாள். சேவகர் பொல்டி அள்ளிக்கொண்டு போன பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. பதிவறைக்கு ஓடினாள்.

"பொல்டி, அந்தத் தாளைக் குடுத்துடுங்க!"

"நம்பர் விழுந்துடுச்சே, சீடெக் அம்மா. இனிமே கடவுளே வந்து கேட்டாலும் எடுக்க முடியாது."

"படிச்சீங்களா?"

"சேச்சே, படிக்கலைங்க. ஆனா கசகசாவுக்குப் பதிலா வால்நட் போட்டீங்கன்னா நல்லாருக்கும்."

ஒன்பது நாள் அது மாளிகையைச் சுற்றியது. கணக்குப் பிரிவு 'செலவினம் இல்லை' என்று எழுதியது. சட்டப் பிரிவு 'ஆட்சேபணை இல்லை' என்றது. துறைத்தலைவர் பச்சை மையில் 'அவசரம்' என்று போட்டு இரண்டு கோடு இழுத்தார். ஒருவரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பத்தாம் நாள் காலை அவள் அறை வாசலில் மெஸ்னர் நின்றார். கையில் கோப்பு, காது மடல்கள் சிவந்திருந்தன.

"ஏழு பேரு கையெழுத்துப் போட்டாச்சு, சீடெக் அம்மா. நான் ஒருத்தன்தான் பாக்கி."

"மன்னிச்சுக்குங்க ஆலோசகரே. கிழிச்சுப் போட்டுடுங்க."

"அரசாங்க ஃபைலைக் கிழிச்சா என் பென்ஷன் போயிடும்மா." அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் இங்க நேர்ல வந்ததே விதிக்கு விரோதம். ஆனா எழுதி அனுப்பினா மூணு நாள் ஆகும். இன்னிக்கு வெள்ளிக்கிழமை. ஞாயித்துக்கிழமை போயிடும்."

அவள் மேஜைமேல் கிடந்த தாள்களை அடுக்கினாள்.

"எத்தனை மணின்னு நீங்க குறிப்பிடலையே?"

வால்புர்கா கையை உயர்த்தினாள். நாலு விரலைக் காட்டினாள்.