சேக் முகைதீனின் நெற்றி

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த சேக் முகைதீனுக்கு நடு நெற்றியில் ஒரு புடைப்பு இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் கடுகளவாகக் கிளம்பியது, மெல்ல மெல்லப் புளியங்கொட்டை அளவாகி, மேல்தோலும் கறுத்துப்போனது. தொழும்போது நெற்றி தரையில் பட்டுப் பட்டு வந்த தழும்பு என்று ஊரே முடிவு கட்டிக்கொண்டது. யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

உண்மை நேர் எதிர். அந்தப் புடைப்பு தரையில் அழுந்தினால் சுரீரென்று வலிக்கும். அதற்குப் பயந்தே மனிதர் தொழுகையைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் வெள்ளிக்கிழமை மட்டும் பள்ளிவாசலுக்குப் போனார். அங்கேயும் நெற்றியைத் தரையில் வைத்தும் வைக்காமலும் எழுந்துவிடுவார். மற்ற நாட்களில் கடைக்குள்ளேயே தொழுதுகொள்கிறார் என்று ஊர் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தது.

அந்த நெற்றியை நம்பி இராஜபாளையம், சேத்தூர் வரையிலிருந்து வழக்கோடு வருவார்கள். கிணற்றுத் தண்ணீருக்கு அண்ணன் தம்பி அடித்துக்கொண்டால்கூட சைக்கிள் கடையில்தான் பஞ்சாயத்து. "பாய் நெத்தியப் பாத்துட்டா, பொய் சொல்ல வாய் வரமாட்டேங்கு," என்பான் சேத்தூர் வீரணன். தீர்ப்புகள் நியாயமாகவே இருந்தன, அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நெற்றி தட்டையாக இருந்திருந்தால் யார் வந்து நிற்கப்போகிறார்கள்? அது அவருக்கும் தெரியும்.

தொண்ணூற்றேழில் புடைப்பு நெல்லிக்காய் அளவுக்கு வந்து, தொப்பி உட்கார மறுத்தது. மனைவி நூர்னிசா அவரை இழுத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "எலும்புல வளர்ந்த கட்டி. கேன்சர் இல்லை, பயப்படாதீங்க," என்றார். "முன்னெல்லாம் நெத்தியிலேயே கீறித்தான் எடுப்போம். இப்ப முடிக்குள்ள சின்னதா ஒரு வெட்டு. அது வழியா கேமரா வச்ச குழாயை விட்டு, டிவியில பாத்துக்கிட்டே சின்ன உளியால செதுக்கி எடுத்துரலாம். நெத்தியில ஒரு கோடுகூட விழாது."

சேக் முகைதீனின் முகம் வாடியது. "பழைய மாதிரியே கீறிருங்க டாக்டர். தழும்பு இருந்தாத் தேவல."

டாக்டருக்கு விளங்கவில்லை. தழும்பு விழுந்துவிடுமோ என்று அழுகிறவர்களையே பார்த்துப் பழகியவர். நூர்னிசாவுக்கு உடனே விளங்கிவிட்டது. "அவிய கெடக்காவ. நீங்க முடிக்குள்ளயே போடுங்க சார்," என்றாள். வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்தினாள். "ஊர ஏமாத்துனது போதும். அல்லாவையும் ஏமாத்தப் போறியளா?"

"நா எங்கடி ஏமாத்துனேன்? அவியளா நெனச்சுக்கிட்டாவ."

"நீங்க சும்மாத்தான இருந்திய."

அவர் திரும்பிப் போய் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினார்.

ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து ஊர் திரும்பியபோது நெற்றி வழவழவென்று இருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் கால் கழுவும் இடத்தில் பக்கத்துக் கடைக்காரர் காதர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "மாமு ஏன் எடுத்தாவ தெரியுமா? தழும்பால பெருமை வந்துரக் கூடாதுன்னுதான். யாருக்கு இந்த மனசு வரும்?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் மரியாதை இரட்டிப்பாகியிருக்கும். சேக் முகைதீனுக்கு அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆனாலும் சொல்லியேவிட்டார்.

"இல்ல காதரு. அது தொழுது வந்த தழும்பு இல்ல, எலும்புக் கட்டி. வலிக்குன்னு தொழுகையவே விட்டுட்டுக் கெடந்தவன் நான்."

காதர் குழாயைத் திறந்து, கழுவிய காலையே மறுபடியும் கழுவினார். நெற்றியை அழுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் சேக் முகைதீன் அன்று உட்கார்ந்தே தொழுதார்.

அதன் பிறகு வழக்குகள் நின்றுபோயின. வீரணன்கூட பஞ்சரை மட்டும் ஒட்டிக்கொண்டு போனான். நாலு பேர் வந்து நின்ற கடை வெறிச்சோடினால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? ராத்திரிச் சாப்பாட்டை அவர் பாதியில் வைத்துவிட்டு எழுவதை நூர்னிசா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

புண் முழுதாக ஆறிய பின் ஒரு விடியற்காலை, யாரும் எழுப்பாமலே எழுந்து பள்ளிவாசலுக்குப் போனார். கடைசி வரிசையில் நின்றார். எல்லோரோடும் குனிந்து நெற்றியைப் பாயில் அழுத்தி வைத்தார். வலிக்கவில்லை. வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து பொங்க, மற்றவர்கள் எழுந்த பிறகும் சற்று நேரம் அப்படியே அழுதுகொண்டு கிடந்தார்.