மூன்றாவது ஸ்டார்ட்டர்

"சத்தம் வருது தம்பி. ஆனா கார் எந்திரிக்க மாட்டேங்குது" என்றபடி புருல்சா அக்கா என் கடை மேசைமேல் துணி மூட்டையை வைத்தார். அந்த வாரத்தில் மூன்றாவது மூட்டை. அவிழ்த்தேன். காரைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார். நான்கு நாள் முன்பு நானே விற்றது.

எங்கள் மலையூரான கொச்கோரின் சந்தையில் கார் சாமான் விற்கும் எங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். கால்நடை மருத்துவர். ரப்பர் பூட்ஸ், ஆண்கள் போடும் கோட்டு, கோட்டுப் பையில் காய்ந்த தயிர் உருண்டைகள். ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் பேசுவார். ஒரு குதிரை நிற்கும் விதத்தைப் பார்த்தே எந்தக் காலில் வலி என்று சொல்லிவிடுவார். சொந்தக் காரைப் பற்றிக் கேட்டால் மட்டும் பாவமாக விழிப்பார்.

"என்ன மாடல் அக்கா?"

"வெள்ளைக் கார்."

"எஞ்சின் எதோடது?"

"கொழுந்தன் மாத்தினான். எதுல இருந்து எடுத்தான்னு அவனுக்கே ஞாபகம் இல்ல."

தடுப்பூசிப் படிவத்தின் பின்பக்கத்தில் சந்தையே சொன்ன யோசனைகளை எழுதி வைத்திருந்தார். ஒருவர் ஒன்பது பல் மோட்டார் வாங்கச் சொல்லியிருந்தார், இன்னொருவர் பதினொன்று. மூன்றாமவர் பேட்டரியைக் குறை சொல்லியிருந்தார். "ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க. ஒரு ஆட்டுக்கு நான் இப்படி மூணு மருந்து சொன்னா சும்மா விடுவீங்களா?"

எனக்கும் தலை சுற்றியது. கார் அசையாமல் நிற்கும். கியரில் போட்டு இரண்டடி தள்ளிவிட்டுச் சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பும். மறுநாள் மறுபடி அடம். மோட்டாரைப் பேட்டரியில் கொடுத்துப் பார்த்தேன். ஜோராகச் சுழன்றது.

"இது நல்லாத்தானே இருக்கு!"

"அப்ப கெட்டது யாரு, நானா?"

அவர் சிரிக்கவில்லை. பனிக்கட்டிப் பெட்டியை மடியில் அணைத்திருந்தார். உள்ளே அறுநூறு ஆடுகளுக்கான தடுப்பு மருந்து. மறுநாள் விடியலில் அந்த மந்தை மேய்ச்சல் மலைக்கு ஏறிவிடும். போன வருடம் ஊசி போடாமல் ஏறிய மந்தையில் பாதிதான் திரும்பியது. ஊரிலுள்ள வண்டிகளெல்லாம் ஆடு ஏற்றப் போயிருந்தன. பனிக்கட்டி சாயங்காலம் வரைதான் தாங்கும்.

கடையைச் சாத்திவிட்டு, கார் நின்ற இடத்துக்கு அக்காவோடு போனேன். ஸ்டார்ட்டர் இருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்தேன். இருட்டும் எண்ணெயும்தான் தெரிந்தன. அக்கா என்னை ஒதுக்கிவிட்டு, கோட்டைக் கழற்றி, சட்டைக் கையைச் சுருட்டினார். விரல்களை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கியர்ல போட்டுத் தள்ளு. மெதுவா. கைய நசுக்கிடாத."

விரலளவு விரலளவாகத் தள்ளினேன்.

"பல்லு இருக்கு... இருக்கு... நில்லு! இங்க இல்ல. கெழட்டு ஆட்டு வாய் மாதிரி வழவழன்னு இருக்கு."

எனக்கு முகம் சுட்டது. எஞ்சினின் பெரிய சக்கரத்தைச் சுற்றியுள்ள பல் வளையத்தைத்தான் ஸ்டார்ட்டர் கடித்துத் திருப்ப வேண்டும். பல் போன இடம் எதிரே வந்து நின்றால் மோட்டார் வெறுமனே சுற்றும். இருபது வருடமாக இதே சாமான்களை விற்கிறேன், எனக்குத் தோன்றவில்லை.

"மோட்டார்ல ஒண்ணுமில்ல அக்கா. அது கடிக்கிற வளையம்தான் தேஞ்சிருக்கு."

"பின்ன எதுக்குடா மூணு மோட்டார் வித்த?"

ஓடிப்போய் மெக்கானிக் உசோனைக் கூட்டி வந்தேன். கியர்பெட்டியை இறக்கி, பல் தேய்ந்த அந்த எஞ்சின் சக்கரத்தைக் கழற்றினோம். எந்த எஞ்சின் என்று யாருக்கும் தெரியாததால், அவன் பழைய இரும்புக் குவியலில் கிடந்த சக்கரங்களை ஒவ்வொன்றாக இதன்மேல் வைத்துப் பார்த்தோம். முதல் மூன்றில் துளைகள் பொருந்தவில்லை. நான்காவது அச்சாக உட்கார்ந்தது. இறக்கியதையெல்லாம் ஏற்றி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பனிக்கட்டிப் பெட்டியில் பாதி தண்ணீர். ஆனாலும் சில்லென்றுதான் இருந்தது.

அக்கா சாவியைத் திருப்பினார். எடுத்தது. அணைத்தார், திருப்பினார், எடுத்தது. ஐந்து முறை.

"இப்ப மட்டும் ஏன் எடுக்குது?" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"பல்லு இருக்கு அக்கா. கிளம்புங்க."

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தி, வழிப்பயணத்துக்கான வேண்டுதலை வாய்க்குள் முணுமுணுத்து, "ஓமின்" என்று நெற்றியிலிருந்து தாடைவரை முகத்தைத் தடவிக்கொண்டார். கை முழுக்க எஞ்சின் கிரீஸ். இரு கன்னத்திலும் கறுப்புப் பட்டையோடு, கண்ணாடியைக்கூடப் பார்க்காமல், மலைப் பாதையில் வண்டியைத் திருப்பினார்.