சுவர் துடைக்கிற ஜெயமணி

சாக்பீஸ் என்றால் தொல்லை இல்லை. ஈரத்துணியால் ஓர் இழுப்பு, போயிற்று. பென்சில்தான் ரோதனை. ஜெயமணி முந்தானை நுனியை நாக்கில் நனைத்து, கதவுக்கு வலது பக்கச் சுவரில் கொசு ஒழிப்புக்கு வரும் பெண் கிறுக்கிவிட்டுப் போன தேதியையும் கையெழுத்தையும் தேய்ப்பாள். சுண்ணாம்பு பெயர்ந்து விரலில் ஒட்டும். பெயரட்டும், எழுத்து போனால் சரி. தேய்த்து முடித்ததும் தெருவின் இரண்டு முனைகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி துடைப்பத்தை எடுத்து வாசல் கூட்ட ஆரம்பித்துவிடுவாள்.

அந்தக் கொசுப் பெண் பாவம். வாராவாரம் வந்து தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்ப்பாள். போன வாரம் பார்த்ததற்கு அத்தாட்சி சுவரில் இல்லையே என்று குழம்பிப்போய், நான் இங்கே எழுதவில்லையா அக்கா என்று கேட்பாள். ஜெயமணியின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது. மழையில் போயிருக்கும் என்பாள். ஓசூரில் நினைத்தால் ஒரு தூறல் விழுந்துவிடுவதால், அந்தப் பொய் வருடம் முழுக்கச் செல்லுபடியாகிறது.

வாக்காளர் கணக்கெடுக்க வந்தவர் ஒட்டிய ஸ்டிக்கர், கேபிள்காரர் போட்ட பெருக்கல் குறி, எதுவும் அந்தச் சுவரில் ஒரு பொழுது தங்கியதில்லை. சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் நம்பரே இல்லாத ஒரே வீடு அவளுடையதுதான். பார்சல் கொண்டுவரும் பையன்கள் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் போன் போட்டு எரிச்சலோடு கத்துவார்கள். கத்தட்டுமே. "கண்டுபுடிக்க முடியலன்னா நல்லதுதான?" என்பாள் மகளிடம்.

கிறுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஜெயமணி கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண். கழுத்தில் தாலி ஏறிய கையோடு டெல்லிக்கு ரயில் ஏறியவள். இருபது வருடத்துக்கு மேல் அங்கே ஒரு சாக்கடைக் கால்வாய் ஓரத்துக் குடியிருப்பில் இருந்துகொண்டு பெரிய பெரிய பங்களாக்களில் சமையல் செய்தாள். கணவர் பொன்னுசாமி மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகும் அங்கேதான் இருந்தாள். பிறகு ஒருநாள் அந்தக் குடியிருப்பை இடித்தார்கள். மகள் ரஞ்சிதாவுக்கு ஓசூரில் செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்தது. ஒரு குக்கரும் இரண்டு பையுமாக, இரண்டு இரவு ரயிலில் உட்கார்ந்தே வந்து, பெங்களூரில் பஸ் பிடித்து, தாயும் மகளும் இங்கே இறங்கினார்கள். அதுவும் ஆயிற்று ஒன்றரை வருடம்.

அந்தப் பைகள் இன்னும் முழுசாகப் பிரிக்கப்படவில்லை. தேவையானதை எடுத்துப் பயன்படுத்திவிட்டு மறுபடி பைக்குள்ளேயே வைத்து ஜிப்பை இழுத்துவிடுவாள். வீட்டுக்குள் ஓர் ஆணி கிடையாது. சாமி படம்கூட அரிசி டப்பாவின் மேல் சாய்ந்துதான் இருக்கிறது. தீபாவளி போனஸ் வந்ததும் ரஞ்சிதா ஆசையாக ஒரு பீரோ வாங்கலாம் என்றாள். ஜெயமணி வெகுநேரம் யோசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அத ரெண்டு பொம்பள தூக்க முடியுமா?" பீரோப் பேச்சு அதோடு நின்றது.

டெல்லியில் அவளை மதராசி என்றார்கள். ஓசூரில் வந்து இறங்கினால் இந்திக்காரம்மா என்கிறார்கள். வாயைத் திறந்தால் பாதிக்குப் பாதி அப்படித்தான் வருகிறது, அவள் என்ன செய்வாள்? கடைக்காரர் கன்னடத்தில் பேசுவார், பக்கத்து வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் மூன்றும் கலந்து. அத்திப்பள்ளி பஸ் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள். எல்லை தாண்டினால் கர்நாடகம். "ரெண்டு பாஷைல பயந்தது போதும்மா. மூணாவதா ஒண்ணுல பயப்பட எனக்குத் தெம்பு இல்ல" என்பாள். அவள் பயப்படாத ஒரே விஷயம் இந்த ஊர்க் குளிர். மார்கழியில் ஊரே குல்லாவும் ஸ்வெட்டருமாகச் சுருண்டு கிடக்கையில், இவள் மட்டும் வெறும் சேலையோடு வாசல் தெளித்துக்கொண்டு, இதெல்லாம் ஒரு குளிரா என்று டெல்லிக்காரியாகச் சிரிப்பாள்.

வேலை, முனீர் அகமதின் மெஸ்ஸில். கம்பெனிகளில் வேலை பார்க்கும் வடநாட்டுப் பையன்கள் அங்கே சாப்பிட வருகிறார்கள். அவர்களுக்குச் சோறு இறங்காது, ரொட்டி வேண்டும். முனீர் அகமது முதலில் பரோட்டா மாஸ்டரை வைத்துச் சுட்டுப் பார்த்தார். அது அப்பளத்துக்கும் செருப்புக்கும் நடுவில் ஏதோவாக வந்தது. ஜெயமணி வந்து உட்கார்ந்து முதல் புல்கா நெருப்பில் உப்பி எழுந்த அன்றே, அந்த அம்மாவை யாரும் எதுவும் சொல்லக்கூடாது என்று அவர் கடையில் உத்தரவு போட்டுவிட்டார். கைதான் அப்படி. மனசு வேறு எங்கோ காவல் நிற்கும். வெளியே எந்த வண்டியாவது ரிவர்ஸ் எடுக்கும்போது பீப் பீப் என்று கத்தினால் போதும், உருட்டுகிற கை அப்படியே நின்றுவிடும், தவாவில் ரொட்டி கருகும். முனீர் அகமதும் பழகிக்கொண்டார். சத்தம் கேட்டதும் கல்லாவிலிருந்தே, "தக்காளி டெம்போதாம்மா, ஒண்ணுமில்ல, நீங்க போடுங்க" என்று குரல் கொடுத்துவிடுவார். அப்படியும் அவள் எட்டிப் பார்த்துத் தக்காளியைக் கண்ட பிறகுதான் அடுத்த உருண்டையை எடுப்பாள்.

போன ஆடியில் வந்தது பெயின்ட்.

மெஸ்ஸில் மதியப் பந்தி முடிந்து வந்தவள் தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும், முழங்கால் உயரத்தில், சிவப்புப் பெயின்டில் ஓர் அம்புக்குறியும் அதன் மேல் ஒரு நம்பரும். அவள் வீட்டிலும் இருந்தது. ஈரம்கூடக் காயவில்லை. யாரையாவது கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அந்தத் தெருவில் யாரைக் கேட்பது? பாதிப் பேர் கம்பெனியில், மீதிப் பேர் நைட் ஷிப்ட் முடித்து ஜன்னலில் போர்வையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். ரஞ்சிதாவின் போன் ஷிப்ட் முடியும்வரை லாக்கரில்தான் கிடக்கும். சாவியை எடுத்தவள் பூட்டைத் திறக்காமலேயே திரும்பி, ஹார்டுவேர் கடைக்குப் போய் பெயின்ட் கரைக்கிற தின்னர் ஒரு டப்பா வாங்கிவந்தாள்.

முதலில் தன் வீட்டைத்தான் துடைத்தாள். துடைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தாள். தெரு முழுக்கக் குறி இருந்து ஒரு வீட்டில் மட்டும் இல்லையென்றால் முதலில் அதைத்தானே கேட்பார்கள்? தவிர, பக்கத்து வீட்டுக்காரி வஜிஹா அன்றைக்குக் காலையில்தான் கிண்ணத்தில் குருமா கொடுத்திருந்தாள். அவள் வீட்டை இடிக்க விட்டுவிடுவதா? கம்பிநாரும் பழைய நைட்டித் துணியுமாக ஜெயமணி குந்திக் குந்தி நகர்ந்து, வீடு வீடாக, தெருவின் இரண்டு பக்கமும் தேய்த்துத் தீர்த்தாள். எந்த வீட்டிலாவது பாத்திரம் உருண்டால் அப்படியே சுவரோடு ஒட்டிக்கொள்வாள். முடித்தபோது சுவர்களெல்லாம் ஆரத்தித் தட்டைக் கொட்டிய மாதிரி இளஞ்சிவப்பாகக் கிடந்தன. அன்றைக்கு ராத்திரி ரஞ்சிதா, என்னம்மா இப்படி நாறுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டதற்கும், ஒன்றுமில்லை என்றுதான் சொன்னாள்.

மறுநாள் குடிதண்ணீர்க் குழாய் பதிக்கிற ஆட்கள் வந்தார்கள். அவர்கள் போட்ட குறிதான் அது. எந்த வீட்டுக்கு எந்த இடத்தில் இணைப்பு என்று அளந்து போட்டது. குறியைக் காணோம் என்றதும் மேஸ்திரி இரண்டு திட்டு திட்டிவிட்டு, இயந்திரத்தை அடுத்த தெருவுக்குத் திருப்பிவிட்டார். இந்தத் தெருவுக்கு இனி எப்போது முறை வருமோ தெரியாது என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். தெருவே கொதித்தது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு அடித்துக்கொள்கிற தெரு அது. எவன் கை, எந்தக் கை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். வஜிஹாவும் கேட்டாள். ஜெயமணி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றாள்.

கண்டுபிடித்தவள் முனிலட்சுமி. தெருவின் இரண்டு பக்க லைன் வீடுகளுக்கும் சொந்தக்காரி. தெலுங்கில் திட்டி, கன்னடத்தில் கணக்குப் பேசி, தமிழில் வாடகை கேட்கிற மனுஷி. ஜெயமணியின் நகக்கண்களில் சிவப்பைப் பார்த்துவிட்டாள். உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, அரிசி டப்பாவில் சாய்ந்திருந்த சாமி படத்தையும் ஜிப் போட்ட பைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஏம்மா ஜெயா, குடிக்கிற தண்ணிக்குப் போட்ட குறிம்மா அது. நீ செஞ்சதுன்னு தெரிஞ்சா, இவள மொதல்ல காலி பண்ணுன்னு தெருவே என் வாசல்ல வந்து நிக்கும். நான் இன்னா பதில் சொல்றது?"

காலி என்ற வார்த்தை விழுந்ததும் ஜெயமணி நகங்களை முந்தானைக்குள் மறைத்தாள். எதற்குப் பயந்து துடைத்தாளோ, அதுவே துடைத்ததால் வந்து நிற்கிறது. இந்த அறை போனால் ரஞ்சிதா கம்பெனி ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள். ஜெயமணி எங்கே போவாள்?

"டெல்லிலயும் நல்லதுக்குன்னு சொல்லித்தான்க்கா குறி போட்டான். நம்பர் போட்டா எல்லாருக்கும் மாடி வீடு கெடைக்கும்னான். நான் அவனுக்கு டீ போட்டுக் குடுத்தேன். ஏலக்கா தட்டிப் போட்டு."

அப்புறம் மெல்ல மெல்லச் சொன்னாள். இடிக்கிற மெஷின் வந்த அன்றைக்கு அவள் வீட்டில் இல்லை. ரஞ்சிதா பரீட்சைக்குப் போயிருந்தாள். கதவைத் தட்டிப் பார்த்தார்களாம். உள்ளே ஆள் இருந்த வீடுகளில் சாமான் எடுக்க நேரம் கொடுத்தார்களாம். சத்தம் வராத வீடுகளை முதலில் தள்ளினார்களாம். "நான் பங்களாவுல ரொட்டி சுட்டுக்கினு இருந்தேன்க்கா. உள்ள நான் இருந்திருந்தா தள்ளியிருக்க மாட்டாங்க."

"இது எங்க மாமனாரு காலத்துப் பட்டா நெலம். எவன் வந்து இடிப்பான்?"

"அங்கயும் எல்லார்கிட்டயும் பேப்பர் இருந்திச்சிக்கா."

வெளியே போன முனிலட்சுமி, நடுத்தெருவில் இடுப்பில் கை வைத்து நின்று, போன பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவரை நாசமாக்கினால் நான்தான் அழிப்பேன், எவன் கேட்பது என்று உரக்கச் சொன்னாள். அவளுடைய கஞ்சத்தனம் ஊரறிந்தது. தெரு அதை அப்படியே நம்பி, அவளைத் திட்டித் தீர்த்தது. மேஸ்திரி கையில் காலில் விழுந்து மறு முறை வாங்கி வந்ததும் அவள்தான். வந்த சூட்டோடு ஜெயமணியிடம் ஒன்று சொன்னாள். "மறுபடி குறி போடுவானுங்க. மெஷின் வரும். நீ சொவத்துல கை வெச்சன்னா, நானே உன்ன காலி பண்ணிருவேன், ஆமா." ஜெயமணி தலையாட்டினாள்.

வாக்கைக் காப்பாற்றவும் செய்தாள். குறி போட்டபோது கையிரண்டையும் முந்தானைக்குள் சுருட்டிவைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று பார்த்தாள். சிவப்பு சொட்டுப் போட்டு வழிந்தபோதும் தொடவில்லை. இரண்டு நாள் கழித்து மஞ்சள் இயந்திரம் தெருவுக்குள் திரும்பியது. ஓட்டி வந்தவர் தமிழரசன், பர்கூர்க்காரர், காதில் செருகிய பீடியும் வாயில் பாட்டுமாக இருந்தார். தெருவில் ஒரே கலகலப்பு. தூங்காமல் எழுந்து வந்த நைட் ஷிப்ட்காரர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். வீடு வீடாகப் பள்ளம் தோண்டிக்கொண்டு வந்த வண்டி, ஜெயமணியின் வாசலுக்கு நேராக வந்து நின்றது. எல்லோரும் வெளியே வந்து தள்ளி நில்லுங்கள் என்று மேஸ்திரி சத்தம் போட்டார். ஜெயமணி வெளியேதான் நின்றாள், முனிலட்சுமி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

இரும்புக் கை பீப் சத்தத்தோடு உயர்ந்து, வாசற்படிக்கு முன்னால் இறங்கியது. ஜெயமணி கையை உதறிக்கொண்டு வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். அய்யோ, பைத்தியக்காரி என்று கத்திக்கொண்டு முனிலட்சுமி ஜன்னலுக்கு ஓடினாள். உள்ளே, சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அந்தச் சுவரைத் தாங்கிப் பிடித்திருந்தாள் ஜெயமணி. தரை அதிர்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே ஆள் இருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறது என்று, அந்தப் பர்கூர்க்காரருக்குக் கேட்கும்படி, இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள்.