வாசல் பார்த்த நாற்காலி

பள்ளிப்பட்டு சின்னசாமியின் மூத்த மகள் புஷ்பலதா, திருத்தணியில் ஒரு நெசவாளர் சங்க ஆபீசில் பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். வாசலைப் பார்த்த நாற்காலி அவளுடையது. மலைக்குப் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்து, "லதாக்கா, வரட்டா" என்பார்கள்.

அவள் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்தவள் அனுசுயா. அவளை அதே ஆபீசில் சேர்த்துவிட்டதே புஷ்பலதாதான். ஆறு மாதத்தில் எல்லா மெஷினிலும் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டார்கள். திரை மொத்தமும் மாறிப்போனது. புஷ்பலதா அதில் பிரிண்டரைத் தேடிக்கொண்டிருந்த இரண்டு நாளில், அனுசுயா எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

"இனிமே அனுவ முன்னால உக்கார வைக்கலாமான்னு பாக்குறேன். திங்கக்கெழம சொல்றேன்" என்றார் செயலாளர் சடகோபன்.

புஷ்பலதாவுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டிலும் சின்ன மருமகள் வைத்த குழம்புக்குத்தான் பேர். இப்போது நாற்காலியுமா?

சனிக்கிழமை எல்லாரும் போனதும் அனுசுயாவின் மெஷினில் உட்கார்ந்தாள். அனுசுயாவின் பாஸ்வேர்டு தெரியாது; தன் பேரையே அடித்து நுழைந்தாள். மெஷினில் செய்தது மெஷினோடு இருக்கும் என்பது அவள் கணக்கு. திரையின் கீழே இருந்த பட்டையை மறைத்தாள், அழுத்தித் திறக்கிற சின்னப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். திங்கட்கிழமை அனுசுயா முழிப்பதைப் பார்க்க மனசு பறந்தது.

திங்கட்கிழமை முழித்தது புஷ்பலதா. அவள் திரையில் ஒன்றுமே இல்லை. ரசீதுக்கு ஆள் நிற்கிறது, பக்கத்தில் சடகோபன்.

அனுசுயா வந்து குனிந்தாள். "அக்கா, இதுல எல்லாம் சர்வர்லதான் இருக்குது. எந்த மெஷின்ல உக்காந்து மாத்துனாலும், யார் பேர்ல நொழைஞ்சமோ அவங்க திரைதான் மாறும்." இரண்டு நிமிஷத்தில் எல்லாம் திரும்பி வந்தது. பிறகு மெதுவாக, "என் சீட்டுல கனகாம்பரம் கெடந்துச்சு. இங்க அத வச்சிகினு வர்றது நீ மட்டும்தான்" என்றாள்.

"அனு, நீயே இங்க உக்காரும்மா" என்றார் சடகோபன்.

"அக்காவே இருக்கட்டும் சார். எனக்கு அங்கதான் காத்து வருது."

நாற்காலி மிஞ்சியது, ஆனால் அது இப்போது அனுசுயா விட்டுக்கொடுத்த நாற்காலி. உட்காரும்போதெல்லாம் புஷ்பலதாவுக்கு அது உறுத்துகிறது. பதினோரு மணிக்கு இரண்டு பேருக்கும் அவள்தான் டீ சொல்கிறாள். அனுசுயாவுக்கு மட்டும், அவள் கேட்காமலே, சர்க்கரை கம்மியாக.