இளகாத கசடு

அண்ணன் பைக்கில் அடிபட்டு இறந்த இருபதாம் நாள் நான் உலைக்குத் திரும்பினேன். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையோரக் கொட்டகை. விசைத்தறி மோட்டார்களில் கழித்த செம்புக் கம்பியை உருக்கிக் கட்டியாக வார்ப்போம். நெருப்பு அண்ணன் பொறுப்பு. செம்பின் மேல் மிதக்கும் கசடை வழிப்பது என் வேலை. அவன் இடத்துக்கு முதலாளி தூத்துக்குடியில் ஆள் பேசியிருந்தார். அந்த ஆள் கசடு வழிக்கத் தன் தம்பியையும் கூட்டி வருவானாம். அப்புறம் எனக்கு அங்கே வேலையில்லை.

"ஒரு சட்டி நான் உருக்குதேன் அண்ணாச்சி. சரியில்லன்னா நானே போயிருதேன்" என்றேன் முதலாளியிடம்.

"பொம்பளப் பிள்ள உலை முன்னால நிக்கதா?"

"இம்புட்டு நாளும் நான் எங்கன நின்னேன்?"

அவர் சிரித்துவிட்டார்.

கம்பியோடு வரும் துருவைப் பிடிக்க ஒரு கை மணல் போடுவது வழக்கம். அன்று வந்தது மேலுறை போக வயலில் போட்டு எரித்த கம்பி, மணல் கலந்த மண் அப்பியிருந்தது. நான் கவனிக்காமல் மணலையும் போட்டுவிட்டேன். செம்பு உருகிவிட்டது. மேலே கசடு மட்டும் களி போல நின்றது. கிளறும் இரும்புக் கம்பியை உள்ளே விட்டுத் தூக்கினால் ஒழுகவில்லை. அப்படியே வழித்தால் பாதிச் செம்பு கசடோடு போய்விடும்.

"கரியக் கூட்டு பிள்ள, சூடு பத்தல."

"சூடு நெறையக் கெடக்கு அண்ணாச்சி. மணலு கூடிப்போச்சு. தப்பு என் மேலதான்."

மணல் கூடினால் கசடு பசையாகத்தான் நிற்கும். அதை இளக்கக் கொஞ்சம் சுண்ணாம்புத் தூளும், கொல்லன் பட்டறையில் உதிரும் இரும்புச் செதிலும் தூவினேன். காத்திருந்தேன். மறுபடி இரும்புக் கம்பியை விட்டுத் தூக்கினேன். இந்த முறை பாகு போல நூலாக இறங்கியது. வழித்தேன், வார்த்தேன். ஆறிய கசடை முதலாளியே சுத்தியலால் உடைத்துப் பார்த்தார். உள்ளே கறுப்புக் கண்ணாடிதான், செம்பு மணி ஒன்றுகூட இல்லை.

அவர் போனை எடுத்து, தூத்துக்குடி ஆளை வரவேண்டாம் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க அண்ணனா இருந்தா கரியத்தான் அள்ளிப் போட்டிருப்பான்."

உண்மைதான். அப்படிப் போட்டே இரண்டு சட்டிகளை வெடிக்க வைத்தவன். அதற்காக நாங்கள் போடாத சண்டையில்லை. இன்று நான் சொன்னதுதான் சரி என்று அவனிடம் சொல்ல முடியாது. அப்போதுதான் அழுகை வந்தது. கையுறையைக்கூடக் கழற்றாமல் அழுதேன்.

"அழு பிள்ள, அழு. நாளைக்கும் நீதான் உருக்கணும்" என்றார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த சட்டிக்கான கம்பியை மண் போக உதற ஆரம்பித்தேன்.